வண்டலூர் ஹெரால்டும் டெட்ராய்ட்டின் அறுபதுகளும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய கார்களின் அணிவகுப்பு போனால் போதும், மாமல்லபுரத்துப் பக்கம் இருக்கும் என் பழைய மாணவர்களில் யாராவது ஒருவர் எனக்குப் படம் அனுப்பிவிடுவார். பெரும்பாலும் அது ஒரு செவர்லே இம்பாலாவாக இருக்கும். கப்பல் மாதிரி நீளம், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் குரோமியம். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "சார், அறுபதுகள்ல இதெல்லாம் நம்ம பக்கம் ஓடிச்சா?"

ஓடியது, மிகக் குறைவாக. சென்னையில் சினிமாக்காரர்கள் சிலரிடமும் பெரிய முதலாளிகள் சிலரிடமும் இருந்தது. ஆனால் என்னிடம் யாரும் கேட்காத இன்னொரு விஷயம் உண்டு. அதே அறுபதுகளில் நம் மாவட்டத்து மண்ணிலேயே கார் செய்தார்கள். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஜிஎஸ்டி சாலையில் வரும்போது பெருங்களத்தூர், அடுத்தது வண்டலூர். இந்த இரண்டு ஊர்களை ஒட்டித்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தின் ஆலைகள் இருந்தன. இப்போது பெருங்களத்தூர் பக்கம் பார்த்தால் கண்ணாடி பதித்த ஐடி கட்டடங்களும் அடுக்குமாடிகளும்தான் தெரியும். கார் ஆலை நடந்த காலத்தில் இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டம். பிறகு பெயர் மாறி, எல்லை மாறி, காஞ்சிபுரம் மாவட்டமாகி, 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்), இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோடு சேர்ந்து 1948-ல் தொடங்கிய நிறுவனம் இது. முதலில் வேன்கார்டு என்ற பெரிய காரை இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்துச் செய்தார்கள். பிறகு ஸ்டாண்டர்ட் எட்டு, ஸ்டாண்டர்ட் பத்து, பெனன்ட். இவற்றுக்கெல்லாம் பின்னால் 1961-ல் வந்ததுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டு என்றால் கட்டியங்கூறுபவன். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்தால் அடுத்து ராஜா வருவார். இந்தக் கட்டியக்காரனுக்குப் பின்னால் ராஜா வரவேயில்லை என்பதுதான் கதை.

அமெரிக்கக் கம்பெனிகள் அப்போது ஏன் இங்கே இல்லை என்று கேட்கலாம். முன்பு இருந்தன. ஃபோர்டு 1926-லேயே இந்தியாவுக்கு வந்து பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று இடங்களிலும் கார் கோத்துக்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாய் சேவ்ரியில் ஆலை நடத்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு ஒரு முடிவு எடுத்தது: வெளிநாட்டுப் பெட்டியைப் பிரித்துக் கோக்கிறவர்கள் வேண்டாம், படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்வோம் என்பவர்கள் மட்டும் இருக்கட்டும். 1953-54 வாக்கில் அந்த இரண்டு அமெரிக்கர்களும் கடையைக் கட்டினார்கள். கடைசியில் சாதாரணக் குடும்பக் கார் செய்ய மிஞ்சியவை மூன்றே கம்பெனிகள்: கல்கத்தாப் பக்கம் அம்பாசடர் செய்த இந்துஸ்தான், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், நம் ஊர் ஸ்டாண்டர்ட்.

அந்தக் கொள்கையை இன்றைக்கு எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். நான் முழுசாகச் செய்ய மாட்டேன். பாடியில் வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ் டிவிஎஸ் (1961), பிரேக்ஸ் இந்தியா (1962) என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் முளைத்ததற்கு, "சக்கரமும் மின்சாதனமும் பிரேக்கும் இங்கேயே செய்" என்ற அந்தக் கட்டளையும் ஒரு காரணம். அறுபதுகளின் முடிவுக்குள் ஹெரால்டில் இருந்த பாகங்கள் எல்லாமே இந்தியப் பாகங்கள். பின்னாளில் சென்னையைக் கார்களின் ஊர் என்று சொல்லவைத்தது இந்த உதிரிபாகத் தொழில்தான்.

இப்போது ஹெரால்டின் பிறப்பைப் பார்ப்போம். 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளியானது. வடிவம் போட்டவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனி அடிச்சட்டத்தின்மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறையில் வந்தது. காரணம் சுவையானது. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து கொடுத்துவந்த தகடுக் கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் துண்டுகளாகப் பல இடங்களில் செய்து ஒன்றாக முடுக்கினார்கள். அங்கே வேறு வழியில்லாமல் செய்தது இங்கே வசதியாகிவிட்டது. பெட்டியில் அனுப்ப எளிது, கோக்க எளிது, ஒவ்வொரு துண்டாக உள்நாட்டில் செய்துகொள்ளவும் எளிது.

என் சிறுவயதில் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் ஹெரால்டு இருந்தது. மற்ற கார்களில் பானெட் மூடி மட்டும் தூக்கும். இதில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் முதலை வாயைத் திறந்து கிடக்குமே, அப்படி. டிரைவர் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைச் சுத்தம் செய்வார். பசங்கள் நாங்கள் சுற்றி நிற்போம்.

நான் இயற்பியல் வாத்தியார், ஆகவே கொஞ்சம் கணக்கு. ஹெரால்டின் இன்ஜின் 948 சிசி, நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 237 சிசி, ஒரு டம்ளர் காப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்தி சுமார் 35 குதிரை. நீளம் 3.9 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், எடை 800 கிலோ சுற்றி. 1965-ம் ஆண்டு இம்பாலாவில் கிடைத்த வி8 இன்ஜின்களில் சின்னதே 4.6 லிட்டர், 195 குதிரை. அதன் ஒரு சிலிண்டர் 580 சிசி. அதாவது எட்டு சிலிண்டரில் இரண்டைக் கழற்றி வைத்தாலே நம் காரின் முழு இன்ஜினையும் மிஞ்சிவிடும். இம்பாலாவின் நீளம் 5.4 மீட்டர், அகலம் 2 மீட்டர். எடையில் இரண்டு ஹெரால்டு.

ஆனால் ஒரு இடத்தில் நம் கார் ஜெயித்தது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இம்பாலாவுக்கு நாற்பது அடிக்கு மேல் வேண்டும். திருக்கழுக்குன்றத்துத் தெருக்களில் எந்தக் கார் உருப்படியாகத் திரும்பியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்ணிக்கைக்கு வந்தால்தான் மனசு கனக்கிறது. 1965-ல் அமெரிக்காவில் தயாரான கார்கள் 93 லட்சம். இம்பாலா என்ற ஒரே மாடல் மட்டும் அந்த ஆண்டில் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஃபோர்டு 1964 ஏப்ரல் 17 அன்று முஸ்டாங்கை வெளியிட்டது. 1966 மார்ச்சில் பத்து லட்சமாவது முஸ்டாங் ஆலையை விட்டு வெளியே வந்தது. முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்தியாவிலோ மூன்று கம்பெனிகளும் சேர்ந்து, அந்தப் பத்தாண்டில் எந்த ஒரு வருஷத்திலும் ஐம்பதாயிரம் காரைத் தொடவில்லை. மூன்றில் சின்னவன் நம் ஸ்டாண்டர்ட்.

இந்த எண்ணிக்கை வித்தியாசம் காருக்குள் என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்கிறேன். பின் அச்சு.

வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். காவடித் தண்டைத் தோளில் வைத்து இரண்டு முனையிலும் சக்கரம் மாட்டியதாக நினையுங்கள். இது முழு அச்சு. அம்பாசடர் இப்படித்தான். கனம், குலுக்கல் அதிகம், ஆனால் இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இப்போது தண்டை எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். தோள்பட்டைதான் கீல், கை நுனியில் சக்கரம். இதுதான் ஹெரால்டின் ஊசல் அச்சு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதுக்குத் தெரியாது, சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் கை ஏறி இறங்கும்போது சக்கரமும் கூடவே சாயும். பின்சீட்டில் நான்கு பேரை ஏற்றி டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் உடல் தாழும், சக்கரங்களின் தலை உள்ளே சாயும், டயரின் உள்பக்கம் மட்டும் தேயும். வெறும் வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பினால் உடல் எழும்பும், சக்கரத்தின் கால் உள்ளே மடங்கப் பார்க்கும்.

இதே யோசனை அதே நேரத்தில் அமெரிக்காவிலும் நடந்தது. செவர்லே 1960 மாடலாகக் கோர்வேர் என்ற காரை இறக்கியது. அமெரிக்கக் கணக்கில் சின்னக் கார், காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின், அதுவும் பின்னால். பின்பக்கம் ஊசல் அச்சு. இன்ஜின் கனம் பின்னால் இருந்ததால் வளைவில் ஆபத்து ஹெரால்டைவிட அதிகம். வழக்குகள் குவிந்தன. 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் பாதுகாப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் அத்தியாயமே கோர்வேரைப் பற்றியது. ஜெனரல் மோட்டார்ஸ் அவருக்குப் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது, அது அம்பலமாகி, கம்பெனித் தலைவர் செனட் குழுவின் முன்னால் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1966-ல் வாகனப் பாதுகாப்புக்கென்று தேசியச் சட்டம் வந்தது. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: புத்தகம் வருவதற்கு முன்பே செவர்லே 1965 மாடலில் அந்தப் பின் அச்சை மாற்றிவிட்டது. பிறகு 1972-ல் அரசாங்கமே சோதித்துப் பார்த்து, பழைய கோர்வேர் அதே காலத்துக் கார்களைவிட மோசமில்லை என்று அறிக்கை தந்தது.

நேடர் சொன்னது சரியா தவறா என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. நான்கே ஐந்து ஆண்டில் கார் மாறியது என்பதைக் கவனியுங்கள். வாங்குகிறவன் வேறு கடைக்குப் போகலாம், வழக்குப் போடலாம், புத்தகம் எழுதலாம். கம்பெனியிடம் புது அச்சு வடிக்கப் பணமும் உண்டு, அந்தச் செலவைப் பரப்பி வைக்க லட்சக்கணக்கில் கார்களும் உண்டு.

வண்டலூரில் என்ன நடந்தது? பின் அச்சைப் பற்றிய முணுமுணுப்பு இங்கேயும் இருந்தது. நம் சாலைகளுக்கும் நாம் ஏற்றுகிற பாரத்துக்கும் அது சரிப்படவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. ஹெரால்டு 1961-ல் வந்தது. முழு அச்சு மாட்டிய கார் 1972-ல், கஸல் என்ற புதுப் பெயரில் வந்தது. பதினொரு வருஷம்.

பொறியாளர்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான், கடைசிவரை. நான்கு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இங்கேதான் செய்தார்கள். தாத்தா பாட்டியோடு குடும்பமாகப் போகிற நமக்கு முன்சீட்டை மடித்துப் பின்னால் நுழைவது சரிவராது என்று புரிந்துகொண்டு, 1968-ல் மார்க் 3 மாடலாக அதை இறக்கினார்கள். ஐந்து கதவு வைத்த கம்பேனியன் என்ற ஸ்டேஷன் வேகனும் வந்தது. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தவர்கள் அவர்கள்.

இல்லாமல் போனது வேறு. இங்கிலாந்தில் 1961-லேயே ஹெரால்டுக்கு 1147 சிசி இன்ஜின் கொடுத்தார்கள், 1967-ல் 1296 சிசி. நம் வண்டி 948-லேயே நின்றது. ஸ்டாண்டர்ட் பத்தில் ஓடிய அதே இன்ஜின் குடும்பம் கஸலின் கடைசி நாள்வரை ஓடியது. புது இன்ஜினுக்கு இயந்திரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். யாருக்கு விற்கலாம் என்பதற்கு 1959-ம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை. 1969-ல் விலையையும் அரசே நிர்ணயித்தது. அது உச்ச நீதிமன்றம்வரை போய் 1971-ல் தீர்ப்பானது. வருஷத்துக்குச் சில ஆயிரம் கார், அதிலும் விலை உங்கள் கையில் இல்லை. புது பின் அச்சுக்கு வார்ப்பு செய்யும் செலவை எந்தக் காரின் தலையில் கட்டுவது? மக்கள் வேண்டாமென்று ஒதுக்கி அழிந்த கார் இல்லை இது. பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். வளரவிடாமல் வைக்கப்பட்ட கார் என்றே நான் சொல்வேன்.

1977-ல் கார் உற்பத்தி நின்றது. ஸ்டாண்டர்ட் 20 என்ற வேனை மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். 1985-ல் கடைசி முயற்சியாக ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. ரோவர் எஸ்டி1 என்ற அழகான இங்கிலாந்துக் காரின் உடல். உள்ளே வேன்கார்டு காலத்து வம்சத்தில் வந்த 1991 சிசி இன்ஜின், 83 குதிரை. பட்டு வேட்டிக்கு மேல் பழைய சட்டை போட்ட கதை. மாருதி 800 ஏற்கெனவே 1983 டிசம்பரில் வந்துவிட்டது. பெட்ரோல் குடிக்கிற பெரிய காரை யார் சீந்துவார்கள்? 1988-க்குள் எல்லாம் மூடிவிட்டது. வண்டலூர் உயிரியல் பூங்கா திறந்ததும் அதே 1985-ல்தான். பூங்காவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பக்கத்தில் ஒரு கார் ஆலை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது தெரிந்திருக்காது. ஆலைச் சொத்துகள் 2006-ல்தான் விற்றுத் தீர்ந்தன.

ஒரு சின்னச் செய்தி. கல்கியின் பொன்னியின் செல்வனை ஐந்து பாகங்களும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சி.வி.கார்த்திக் நாராயணன், ஸ்டாண்டர்ட் மோட்டார் நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர். வந்தியத்தேவன் குதிரைக்கும் 35 குதிரைக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

ஜிஎஸ்டி சாலையின் கதை அதோடு முடியவில்லை. வண்டலூரிலிருந்து அதே சாலையில் தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் மறைமலை நகர். 1953-54-ல் நாட்டைவிட்டுப் போன ஃபோர்டு, 1995-ல் மஹிந்திராவோடு கூட்டாகத் திரும்பி வந்து அங்கே ஆலை கட்டியது. 1999-ல் ஐகான் கார் அங்கிருந்து வந்தது. கதவு திறந்திருந்த காலம் அது; லைசென்ஸ் தடை இல்லை, எண்ணிக்கைத் தடை இல்லை. ஆண்டுக்கு இரண்டு லட்சம் கார் செய்யும் திறன். 2018-லிருந்து நம் மறைமலை நகரில் செய்த ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. இம்பாலாவைப் பார்த்து வாய் பிளந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் முடுக்கிய கார், அமெரிக்கச் சாலையில்!

அதுவும் நிலைக்கவில்லை. 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். 2022 கோடையில் இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஜூலையோடு கார் ஓட்டம் நின்றது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர் குடும்பங்கள். சுற்றியிருந்த உதிரிபாகப் பட்டறைகள், கேன்டீன்கள், ஷிஃப்ட் வேன் ஓட்டியவர்கள் கணக்கு தனி. லைசென்ஸ் காலத்தில் ஒரு ஆலை மூடியது, லைசென்ஸ் இல்லாத காலத்தில் இன்னொன்று. வண்டலூரில் முடிவெடுத்தது டெல்லி, மறைமலை நகரில் முடிவெடுத்தது டெட்ராய்ட்டுப் பக்கத்து டியர்பார்ன். 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது.

ஹெரால்டுகள் இன்னும் ஆங்காங்கே உயிரோடு இருக்கின்றன. போல்ட் போட்டு முடுக்கிய உடல் என்பதால் துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். அதனால்தான் பழுதுபார்க்கிறவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டுப் பக்கம் ஸ்டாண்டர்டில் வேலை பார்த்த பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆலை அடையாள அட்டை, ஆயுத பூஜைக்கு எடுத்த குழுப் படம், நான்கு கதவு ஹெரால்டு முதலில் வெளியே வந்தபோது எடுத்த படம், எது இருந்தாலும் செல்போனில் படமெடுத்து இங்கே போடுங்கள். எந்தப் பிரிவில், எந்த வருஷத்திலிருந்து வேலை பார்த்தார் என்பதையும் அவசியம் எழுதுங்கள்.